நாற்று நடும் நேரம்

ஆறாவது நாற்றை வேரடி மண் உதிராமல் கரண்டியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்குள்ளிருந்து கணவரின் இருமல் கேட்டது. தையல்காரி நிமிரவில்லை. நிமிர்ந்தால் வேலையைப் பார் என்பார்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் செடிப் பைத்தியம் பிடித்தது. ஒரு பருவத்தோடு பட்டுப்போகிற செடி அவருக்கு ஆகாது. நட்டால் ஏழெட்டு வருஷமாவது திரும்பத் திரும்பப் பூக்க வேண்டும். இந்த நீலப்பூ விதையை ஈரத்துணியில் சுற்றி மூன்று வாரம் ஃபிரிட்ஜில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். குளிர் காட்டினால்தான் முளைக்குமாம். முளைத்து நாலிலை விட்ட வாரத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று காலை அவரே கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, நாற்று இனித் தாங்காது, இன்றைக்கே பிரித்து நட்டுவிடு என்றார்.

அவருடைய அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தலைமை ஆசிரியை, அவர் பேச்சை யாரும் தட்டியதில்லை. தம்பி இழுத்துக்கொண்டு கிடக்கும்போது பெண்டாட்டி மண்ணளைந்துகொண்டிருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பொரிந்து தள்ளினார்.

"அவளை விடுக்கா," என்றார் தம்பி. "இந்த வருஷம் வெறும் இலைதான். அடுத்த வருஷம் பூக்கும். வந்து பாரு."

அக்கா அவர் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டார்.

தையல்காரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நட்டாள். இதற்கு வேர் நீளம், இது கொஞ்சம் சோனி. ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து ஒரு 'ம்' வந்தது. பதினேழாவதுக்கு வரவில்லை.

கையைத் துடைக்காமலே உள்ளே போனாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கண்களை மூடிவிட்டாள். இமையில் மண் ஒட்டிக்கொண்டது. அக்கா தம்பியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். தையல்காரி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

பிறகு எழுந்தாள்.

"பிடுங்கினது இன்னும் ஒன்பது வெளிய கிடக்கு அண்ணி. வெயில் ஏறுது, வேர் காஞ்சா பிழைக்காது. நட்டுட்டு வந்து எல்லாருக்கும் சொல்லலாம்."

அக்கா சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, பின்னாலேயே வந்து பாத்தியோரம் மண்டியிட்டார்.

"எவ்வளவு ஆழம்?"

"பாதி விரல். ரொம்ப அழுத்தாதீங்க."

அக்கா நட்ட வரிசை கோணலாகப் போனது. தையல்காரி அதைத் திருத்தவில்லை.