மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் மேலே

இடுப்பு மூட்டு மாற்றிய மறுநாள் காலை, மூன்றாம் மாடியில் படுக்க வைத்திருந்த ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் தன் அறையோடு நான்காம் மாடிக்குப் போய்விட்டிருந்தார். அங்கே அந்த இடத்தில் இருந்த அறை சற்று ஒதுங்கி வழிவிட்டிருந்தது. டீ கொண்டுவந்தவர் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று. நல்லவேளை, காலை எடுத்து வைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போய்க் கொடுத்தார். டீ ஆறிவிட்டது என்பது மட்டும்தான் அன்று வந்த புகார்.

மெக்கானிக்கின் மகளுக்கு அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. எல்லோரும் அவளைக் கேள்விக்காரி என்றே கூப்பிட்டார்கள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்தான் என்றாலும், அது முடிந்ததும் வயதானவர்களில் சிலருக்குப் புத்தி தடுமாறிப்போகிறதே, அது யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது, எப்போது தெளிகிறது என்று ஓர் ஆய்வு பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தது. படுக்கை படுக்கையாகப் போய், இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன இடம், எந்த மாடியில் இருக்கிறோம் என்று கேட்டு எழுதுவது அவள் பொறுப்பு. நோயாளியாக வந்த ஒரு பழைய வாத்தியார், எதிர்க்கேள்வி கேட்கிறாயா என்று அவளை முட்டிபோடச் சொன்னதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் தெளிந்துவிடும். தெளியாமலே போய்ச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் முகம் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். அதனால் அப்பாவின் அறைக்குள் நுழைந்ததுமே முதல் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. "நாலு தாண்டிட்டோம்" என்றார் சுவரைப் பார்த்து. "மேலேருந்து உங்கம்மா பட்டனை அழுத்திட்டா. கூப்பிட்டா போய்த்தானே ஆகணும்."

அம்மா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. கேள்விக்காரி ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டி கண்ணுக்கு நேரே இருந்தது, மெல்ல இறங்கிக்கொண்டும் இருந்தது. அவர் சொன்னதைத் தப்பு என்று எழுத வழியில்லை.

மதியத்துக்குள் அறை ஆறாம் மாடிக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் மொட்டை மாடிதான். அவர் கையிலிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். பெரிய சிஸ்டர் துணிப்பட்டையோடு வந்து நின்றார்.

"கையைக் கட்டிடலாம்மா. எல்லாத்தையும் இழுத்துப் போட்டுடுவார்."

"கட்டினா இன்னும் வேகமா ஏறும் சிஸ்டர். நான் பார்த்திருக்கேன்."

"அப்போ நீயே பார்த்துக்கோ. மொட்டை மாடிக்கு மேல என் வார்டு கிடையாது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வெளியேறினார். வாசற்படி அதற்குள் உயர்ந்துவிட்டதால் அவர் குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது.

அப்பா, அப்பா என்று அவள் எத்தனை தரம் கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பையில் கையை விட்டாள். அப்பாவின் காது மெஷினும் கண்ணாடியும் உள்ளே கிடந்தன. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, தொலைந்துவிடக் கூடாது என்று அவளே வாங்கிப் பத்திரப்படுத்தியவை. கண் விழித்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியை மாட்டுங்கள், காது மெஷினை வையுங்கள், ஆள் பாதி தெளிந்துவிடுவார் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் படித்துப் படித்துச் சொன்னவள் அவள். சொந்த அப்பாவை ஒரு நாள் முழுக்கச் செவிடும் குருடுமாகப் போட்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டே இரண்டையும் மாட்டிவிட்டாள்.

"நீ எப்ப வந்தே?" என்றார் அவர்.

"கீழே போயிடலாம்ப்பா."

"உள் பட்டன் எதுவும் வேலை செய்யல பாப்பா. கீழேருந்து யாராவது கூப்பிட்டாத்தான் இறங்கும்."

அவரைத் தனியாக விட்டுப் போகவேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் விழுந்திருந்தது. குதித்தாள், கணுக்கால் பிசகியது, நொண்டிக்கொண்டே மூன்றாம் மாடி வரை ஓடினாள். கதவைத் திறந்து அண்ணாந்தால் எங்கோ உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு அறையின் அடிப்பக்கம். தினமும் கேள்வி கேட்ட குரலில் இப்போது கூப்பிட்டாள்.

"அப்பா! நான் மூணுல நிக்கிறேன். எனக்கு நீங்க வேணும். வாங்கப்பா!"

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பிறகு மேலேயிருந்து, "வர்றேன், வர்றேன். கத்தாதே, நோயாளிங்க தூங்கறாங்க" என்று கேட்டது.

அறை இறங்கி வந்தது. ஆனால் தரைக்கு ஒரு படி உயரத்தில் நின்றுவிட்டது, அதற்குக் கீழே எந்த முயற்சிக்கும் மசியவில்லை. தச்சரைக் கூப்பிட்டு ஒரு சாய்பலகை போட்டார்கள். அந்த அறை நோயாளிகள் மட்டும் "மூணுக்குக் கொஞ்சம் மேல" என்று சொன்னாலும் சரி என்று ஆய்வில் விதி மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்த அப்பாவுக்குக் கிழமைகள் அவ்வப்போது கைதவறின, மற்றபடி நன்றாகவே இருந்தார். அம்மா கோபித்துக்கொண்டாளா என்று மகள் ஒருநாள் கேட்டதற்கு, "அடுத்த தடவை வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டின் பின்பக்கம் இருந்த அவருடைய அறை தரையை விட்டுக் கிளம்பியது. மகள் கீழே நின்றிருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். கண்ணாடி மாட்டியிருந்தது, காது மெஷின் காதில் இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் இறங்கிவிடுவார் என்று இருவருக்குமே தெரியும். அவள் கூப்பிடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீர்த்தொட்டிகளையெல்லாம் தாண்டி அறை மறையும்வரை அப்படியே நின்றாள்.

அந்த இடத்தில் இப்போது நல்ல வெயில் விழுகிறது. துணி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.