கை மாறலாகாது

சீவலப்பேரி ஆவுடைநாயகம் பிள்ளைக்கு வயல் இருந்தது, ஆசை இருந்தது, இங்கிலீஷ்தான் இல்லை. 1912-இல் பட்டணத்திலிருந்து ரயிலில் அவருடைய மோட்டார் வந்து இறங்கியபோது, கூடவே தடியாக ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. அதை வாசித்துச் சொல்லப் பாளையங்கோட்டை வாத்தியார் தேவசிகாமணியைக் கூப்பிட்டார். சின்ன வயதில் ஒரே படித்துறையில் நீந்திய சிநேகிதம்.

வாத்தியார் ஒரு வாரம் புத்தகத்தோடு மல்லுக்கட்டி மோட்டாரை ஓட்டப் பழகிக்கொண்டார். பிறகு பன்னிரண்டாம் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"இங்கன பாரும் அண்ணாச்சி. 'பழகின கை மாறலாகாது, மாறினா இஞ்சின் முரண்டு பிடிக்கும்'னு கண்டிப்பாப் போட்டிருக்கான்."

பிள்ளை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? அவர் வீட்டு வண்டிமாடுகளே வண்டிக்காரன் பூதத்தானைத் தவிர வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் படுத்துக்கொள்ளும். மாட்டுக்கு உள்ள ரோஷம் மோட்டாருக்கு இருக்காதா?

இரண்டு வருஷம், சனிக்கிழமைதோறும், வாத்தியார் முன்னால் மோட்டாரைத் திருப்பும் வளையத்தைப் பிடித்து ஓட்ட, வாங்கிய மகராசன் பின்னால் உட்கார்ந்து போனார். ஏரல் வரைக்கும் போனார்கள். யாரும் இல்லாத நேரத்தில் பிள்ளை அந்த வளையத்தைத் துணியால் துடைப்பார். துடைப்பது பிடிப்பதாகாது என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை ஓட்டம் முடிந்து வாத்தியார் வீட்டு வாசலில் மோட்டார் நின்றது. வாத்தியார் குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவி சாரம்மாளும் இங்கிலீஷ் படித்தவள். பிள்ளை பெருமையாகப் புத்தகத்தை நீட்டி, "அந்தக் கை மாறலாகாதுங்கிற பக்கத்த நீயும் வாசியேன் தாயீ" என்றார்.

அவள் வாசித்தாள். திருப்பித் திருப்பி வாசித்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. வாங்கினவரு முதல் வாரத்துலயே தானே ஓட்டிப் பழகணும்னுல்லா போட்டிருக்கு."

பிள்ளை புத்தகத்தை வெடுக்கென்று திரும்ப வாங்கினார். ஆனாலும் சிநேகிதனுக்கு ஒரு வழி விடவேண்டும் என்று நினைத்தார். தலை துவட்டியபடி வந்த வாத்தியாரிடம் புத்தகத்தைக் கொடுத்தார்.

"அந்தப் பக்கத்த இன்னொரு தரம் வாசியும் வே."

தேவசிகாமணி விரித்தார். ஜெபம் சொல்கிற குரலில், ஒரு சொல் தடுமாறாமல், "பழகின கை மாறலாகாது" என்றார்.

வாசலில் நின்ற சாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் வாத்தியாரின் முகம் வெளுத்தது.

"நீரு நினைச்சா உமக்கு இன்னொரு மோட்டார் வரும் அண்ணாச்சி. எனக்கு அந்த வளையத்தப் பிடிக்க வேற வழி ஏது?"

"'எனக்கும் ஓட்டணும்னு ஆசையா இருக்கு'ன்னு நீரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆளுக்குப் பாதி நாள் ஓட்டியிருப்போமே வே! ரெண்டு வருசமா என் முகத்தப் பாத்துப் பொய் வாசிச்சீரே!" என்றார் பிள்ளை.

வாத்தியார் ஓட்டிக்கொண்டு போய் விடுவதாகச் சொன்னார். பிள்ளை கேட்கவில்லை. பருத்திக்கொட்டை வாங்கக் கடைத்தெருவுக்கு வந்திருந்த பூதத்தானை ஆள்விட்டு அழைத்தார். மாட்டுவண்டியை அங்கேயே போட்டுவிட்டு, மாடுகளை மட்டும் அவிழ்த்து மோட்டாரில் கட்டச் சொன்னார்.

கடைத்தெருவே கூடிச் சிரித்தது. பிள்ளை முன்னால் ஏறி உட்கார்ந்தார். பூதத்தான் மாடுகளைப் பைய நடத்தினான். வாய்க்கால் பாலத்து வளைவு வந்ததும் பிள்ளை தன் கையால் வளையத்தைத் திருப்பினார்.

மோட்டார் அவர் திருப்பிய பக்கம் திரும்பியது. கை மாறியதை அது கண்டுகொள்ளவே இல்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது.