பாதி டேங்க்

மூன்று நாள் அடித்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் ஓடிக் கிளம்ப வேண்டிய மண்பாதையில் பைலட் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தான். நடுவில் நூறடி தூரத்துக்குக் குதிகால் உள்ளே போகிறது, பாதி டேங்குக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இன்ஜினைப் பார்க்கப் போனான்.

டேங்கில் மருந்து நிரப்புவது அவள் வேலை. விமானமும் கொட்டகையும் அவள் அப்பாவுடையவை. வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்று அவன் ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தான். அன்று காலையில் பேச்சு முற்றி, "நீ எனக்குப் பொண்டாட்டியா, உங்கப்பாவுக்கு வாலா?" என்று கேட்டுவிட்டான். அந்தச் சொல் அவளுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவள் ஹோஸை மாட்டும்போது அப்பா வந்து நின்றார். மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. பூச்சி பயிரை மொட்டையடிக்கிறது, பாதி பாதியாகத் தூக்கிக்கொண்டு போனால் மழைக்குள் முடியுமா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முழுசா ரொப்பு. அவன்கிட்ட சொல்லாத."

"தரை ஈரமா இருக்குப்பா."

"இதே தரையில நான் இருபது வருஷம் முழு டேங்கோட பிளேன ஏத்தியிருக்கேன். உன் புருஷனுக்குத் தொடை நடுங்குனா நான் என்ன பண்றது?"

டேங்கின் அளவுக் கண்ணாடி மருந்துக் கறை ஏறி மஞ்சளாகிப் பல மாதமாகிவிட்டது. பைலட் சீட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவள் சொல்வதுதான் அளவு. அவள் முழுதாக நிரப்பினாள். அப்பாவுக்குப் பயந்து பாதி. வாலா என்று கேட்டவன் கொஞ்சம் திணறட்டுமே என்று மீதி. அவன் சீட்டில் ஏறிக் கேட்டதற்கு, பாதிதான் என்று தலையாட்டினாள்.

விமானம் ஓடத் தொடங்கியது. ஓட்டத்தில் வேகமே ஏறவில்லை. நடுப்பாதைச் சேற்றில் சக்கரங்கள் புதைந்து புதைந்து எழுந்தன. சேற்று இழுப்புதான், இதைத் தாண்டினால் தூக்கிவிடலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். தாண்டியும் தூக்கவில்லை. கடைசி நொடியில் மருந்தைக் கொட்டும் நெம்புகோலை இழுத்தான். டேங்க் காலியாவதற்குள் சக்கரம் பாதை முடிவிலிருந்த வாய்க்கால் கரையில் இடித்து, விமானம் குட்டிக்கரணம் போட்டு மல்லாந்து விழுந்தது.

அவள் ஓடிப் போனபோது அவன் சீட்டின் வார்ப்பட்டையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "பாதிதானே ரொப்புன?"

கட்டிலின் அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். "பாதிதான்" என்றாள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னாள். மருந்து முழுவதையும் மண் குடித்துவிட்டது. யாரால் அளக்க முடியும்? பைலட் தரையைத் தப்பாகக் கணித்தார் என்று எழுதிக்கொண்டு போனார் அதிகாரி.

அதற்குப் பிறகுதான் அவன் உண்மையில் விழுந்தான். பாதி டேங்கைக்கூடத் தூக்கத் தெரியாதவன் என்று தன்னைத்தானே தின்ன ஆரம்பித்தான். ஒரு டம்ளரைக் கை நீட்டி எடுப்பதற்குள் இரண்டு தடவை யோசித்தான். மாமனார் வந்தால் தலை குனிந்துகொண்டான். ஒருநாள் அவர் கையைப் பிடித்து, விமானத்தை நாசமாக்கிவிட்டேன், மன்னிச்சிடுங்க மாமா என்று அழுதான். "விடுங்க மாப்ள, யாருக்கும் கைதவறும்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஈரத்துணியோடு அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் நிமிரவேயில்லை.

எட்டு மாதம் தாங்கினாள். ஒரு மத்தியானம் சக்கர நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சொன்னது, தான் நிரப்பியது, காலைச் சண்டை, வைத்திருந்த வன்மம், ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் அடிப்பான், காறித் துப்புவான் என்று காத்திருந்தாள். அவன் அவள் தலையில் கை வைத்தான்.

"எனக்காகப் பொய் சொல்லாத. நீ அப்படிப்பட்டவளா?"

சத்தியம் செய்தாள். பம்ப் எத்தனை நிமிடம் ஓடியது என்றுகூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கண் கலங்கியதே தவிர நம்பவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். அவன் பல மாதத்துக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தான். "கேட்டீங்களா மாமா, உங்க பொண்ணு பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்குறா. நீங்க சொல்லி முழுசா ரொப்புனாளாம். நான் நிம்மதியா இருக்கணும்னு என்னெல்லாம் சொல்றா பாருங்க."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"சின்ன வயசுலேருந்தே அவ அப்படித்தான் மாப்ள. யாராவது கஷ்டப்பட்டா தாங்க மாட்டா" என்றார். பிறகு சரிபண்ணிய விமானத்தோடு புது பைலட் காத்திருக்கிறான், வந்து டேங்கை நிரப்பு என்று அவளைக் கூப்பிட்டார்.