இடப்பக்க இருக்கையின் எடை

வேக்போர்டு படகுக்குக் கனம்தான் உயிர். கயிற்றைப் பிடித்தபடி பலகைமேல் நின்று வருகிறவர் எகிறிக் குதிக்க வேண்டுமானால், படகின் பின்னால் இடுப்பளவு உயரத்துக்கு அலை எழும்ப வேண்டும். அதற்காகவே வண்டி வண்டியாக ஏரித் தண்ணீரைத் தொட்டிகளில் ஏற்றிப் படகை அமுக்கி வைப்போம். ஃப்ளோரிடாவில் பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. அழகான படகு வரைய எனக்கு வராது, நல்ல அலை வரைய வரும்.

புதுப் படகில் நான் சேர்த்தவை இரண்டு. ஒன்று, யார் எங்கே உட்கார்ந்தாலும் எடையை அறிந்து எதிர்ப்பக்கத் தொட்டியைத் தானாகவே நிரப்பிச் சமன்செய்யும் பம்புகள். இன்னொன்று, பின்னால் வருகிறவரை விடாமல் பார்க்கும் கேமரா. ஆள் நிற்கும்வரை திரையில் பச்சை, விழுந்தால் சிவப்பு. "கேமரா இருக்கும்போது காவல் இருக்கை எதுக்கு?" என்றார் முதலாளி பர்ல் டாக்கெட். பின்புறம் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்து, கயிற்றில் வருகிறவர்மேல் கண் வைத்திருக்கும் இருக்கை அது. இடதுபுறம் இருந்த அதைக் கழற்றிவிட்டு, மூடிமேல் மெத்தை வைத்த ஐஸ்பெட்டி வைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

மறுக்காததற்குக் காரணம் என் கணவன் வெண்டல். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் படகுகளைச் சோதிக்கும் இதே கொனோவா ஏரியில் நான் படகை ஓட்ட, அவன் கயிற்றில் வந்தான். காவலுக்கு ஆள் இல்லை; எங்கள் மாநிலச் சட்டப்படி, பின்னால் பார்க்க அகலக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தால் போதும். இடப்பக்க அலை சோகையாக இருக்கிறதே என்று தொட்டி விசையை நோண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோது கயிறு வெறுமையாக வந்தது. எவ்வளவு தூரம் அப்படி வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் போட்டிருந்தது போட்டிக்காரர்களின் மெல்லிய மிதவைச் சட்டை. மயங்கியவனை அது மல்லாக்கப் புரட்டாது. திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது குப்புறக் கிடந்தான், உயிர் இல்லை.

மனிதக் கண் அலைபாயும், இயந்திரத்தின் கண் அலைபாயாது. இதை நிரூபித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை படகுக் கண்காட்சி. புதன்கிழமை விடிந்ததும் படகை இறக்கினோம். ஏரி ஆடாமல் அசையாமல் கிடந்தது. கயிற்றில் வரப்போகிறவள் டெலானி, போன வருடம்தான் எங்களிடம் சேர்ந்தவள், வெண்டலைப் பார்த்ததே இல்லை.

"ரோ, அந்தப் பெட்டில எனக்கு ஒரு பீச் சோடா ஒளிச்சு வைங்க. விட்டா பர்ல் எல்லாத்தையும் குடிச்சிருவாரு" என்றாள் என்னிடம்.

"நான் குடிச்சு ஊதுனாத்தான் படகோட மூக்கு தணியும்மா" என்று பர்ல் முன்பக்க மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

டெலானி தண்ணீரில் குதித்தாள். நான் வேகத்தைக் கூட்டினேன். பாதி ஏரி போவதற்குள் வலப்பக்கப் பம்பு தானாக ஓட ஆரம்பித்தது.

"பர்ல், பெட்டில என்ன வெச்சீங்க?"

"ஆறு சோடா, ஒரு பை ஐஸு. ஏன்?"

"நூத்தெழுபத்தெட்டு பவுண்டு காட்டுது."

"உன் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழம இப்படிப் பண்ணுச்சுன்னா என் மானமே கப்பலேறிடும்."

வெண்டலின் எடை நூற்றெழுபத்தெட்டு. அவன் உடன் வந்த படகுச் சோதனைகளின் குறிப்பில் ஐந்நூறு தடவையாவது அந்த எண்ணை என் கையாலேயே எழுதியிருப்பேன். படகை நிறுத்தினேன். கருவி பொய் சொல்லியிருந்தால் அலை கோணியிருக்க வேண்டும். டெலானியோ தண்ணீரில் மிதந்தபடி கத்தினாள்.

"ரெண்டு பக்கமும் அளவெடுத்து வெட்டுன மாதிரி இருக்கு! எதையும் தொட்ராதீங்க ரோ!"

கருவி பொய் சொல்லலாம், தண்ணீர் சொல்லாது. வலப்பக்கத் தொட்டியில் ஏறியதைக் கையால் விசையைத் தட்டி வெளியேற்றினேன். படகு மெல்ல இடதுபுறம் சாய்ந்தது.

"ஏம்மா, என்ன பண்ற?"

"ஏத்துன தண்ணிய எறக்குனேன், அவ்வளவுதான்."

பர்ல் ஐஸ்பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் யாரும் இல்லை. ஆனால் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அவர் எழுந்து வந்து எனக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

"திரும்ப நெரப்பிடு" என்றார் மெதுவாக. "கரைக்குப் போயிரலாம்."

நிரப்பினேன். டெலானிக்கு எதுவும் சொல்லவில்லை. கயிற்றிலேயே வரட்டும் என்று கரையை நோக்கித் திருப்பினேன். நானும் பர்லும் கண்கொட்டாமல் பார்த்தது அந்த எண்ணைத்தான். நூற்றெழுபத்தெட்டு. பக்கத்தில் பச்சை விளக்கு. எங்களுக்குப் பின்னால் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

சட்டென்று படகு வலதுபுறம் சரிந்தது. எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. இடப்பக்கத்தில் யாரோ எழுந்துவிட்டார்கள். யாரென்று பார்க்கத்தான் திரும்பினேன்.

மெத்தை நிமிர்ந்திருந்தது. படகுக்குப் பின்னால் கயிற்றின் கைப்பிடி மட்டும் தண்ணீரில் துள்ளித் துள்ளி வந்தது. எதிர்வெயிலில் கேமராவுக்குக் கண் கூசியிருக்க வேண்டும், திரையில் இன்னும் பச்சைதான். வெகு தூரத்தில் டெலானியின் மஞ்சள் சட்டை அசையாமல் கிடந்தது.

விழுந்தவரை ஓட்டுகிறவர் பக்கத்திலேயே வைத்துத்தான் படகைத் திருப்புவோம். கை தானாக அதைச் செய்தது. நெருங்கியதும் பர்ல் செருப்போடு குதித்தார். டெலானி மயங்கிக் கிடந்தாள், மல்லாந்து. அவளுடையதும் வெண்டலுடையதைப் போன்ற மெல்லிய சட்டைதான்; அதில் அது நடக்காது. சவரக்கடையில் முகவாயைத் தூக்கிப் பிடிப்பார்களே, அப்படி அவள் முகம் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்திருந்தது. பர்ல் அவளைத் தொட்ட பிறகுதான் தலை தொங்கியது.

படகில் கிடத்தியதும் இருமினாள், தண்ணீர் கக்கினாள், கண்ணைத் திறந்து எங்களைத் தாண்டி ஏரியைப் பார்த்தாள்.

"அவர ஏத்தலையா?"

"யார?" என்றார் பர்ல்.

"என் மோவாயப் பிடிச்சிட்டிருந்தாரே, அவர. ஒண்ணையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருந்தாரு."

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"'இந்தத் தடவையாவது அவ தானாத் திரும்பிப் பாத்தாளா?'ன்னு."

பர்ல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தேன்னு சொல்லு ரோ. நீதான பாத்த? சொல்லித் தொலை!"

ஏரி அசையவில்லை. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. பொய் வாய் வரை வந்தது, சொல்ல முடியவில்லை.

"இல்ல, வெண்டல்" என்றேன் தண்ணீரைப் பார்த்து. "நீ எந்திரிச்சதாலதான் திரும்பினேன்."