இரணியன் வீட்டுப் பானகம்

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1924ஆம் வருஷத்துக் கூத்துக்கும் உடையப்பன் கங்காணிதான் இரணியன். வேறு யார்? குரலும் மீசையும் மிரட்டலும் அவருக்குக் கூடப் பிறந்தவை, வேஷத்துக்கென்று தனியாக எதையும் பழக வேண்டியதில்லை. ஆனால் நரசிம்மர் வேஷத்துச் சிங்க முகத்தை ஐயாவு வைக்கப்போகிறான் என்று கேட்டதும், கங்காணியின் மனைவி மங்களம் பயந்துபோனாள்.

ஐயாவுவின் மனைவி நல்லம்மாள் சில மாதங்களுக்கு முன் பால்மரத்தடியில் விழுந்து செத்துப்போனாள். காய்ச்சலில் கிடந்தவளைக் கங்காணிதான் வேலைக்கு விரட்டினார் என்று ஐயாவு அழுதான். "காய்ச்சல்னு எனக்கு யாரும் சொல்லலியே" என்று கங்காணி வெள்ளைக்காரத் துரையிடம் சாதித்துவிட்டார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குப் பொய்யன் என்ற பட்டமும் சேர்ந்தது.

நரசிம்மர் முகம் லேசுப்பட்டதல்ல. விரதமிருந்து அதை வைத்தவன்மேல் சாமி இறங்கிவிடும். இரணியனை நிஜமாகவே கிழித்துவிடக்கூடாதே என்று அவன் இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் இரணியன் வீட்டிலிருந்து பானகம் கொண்டுவந்து கொடுத்து உக்கிரத்தைத் தணிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம்.

கூத்தன்று காலையில் மங்களம் ஐயாவுவைத் தேடிப் போனாள்.

"பாத்துப் பண்ணுப்பா, தம்பி."

"நான் என்னா பண்ணப்போறேன், கங்காணியம்மா. முகத்த வச்சிட்டா அப்புறம் அது நான் இல்லலா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. அவன் சாந்தமாகச் சொன்னான்.

புருஷனிடமும் கெஞ்சிப் பார்த்தாள்.

"அவனுக்குப் பயந்துட்டேன்னு லயத்து சனமே சிரிக்கும். போடி" என்றார் கங்காணி.

வெல்லத்தை இடித்துக் கரைக்கும்போது, பெருமாளே காப்பாற்று என்று வேண்டிக்கொண்டாள். காக்கிற சாமிதான். ஆனால் இந்தக் கதையில் அவர் காக்க வருவது இரணியனை அல்லவே என்று நினைத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

இரணியனுக்குச் சாவு பகலும் இல்லாத, இரவும் இல்லாத வேளையில். அதனால் அந்தி மயங்கும்போதுதான் காகிதத் தூணைக் கிழித்துக்கொண்டு ஐயாவு வெளியே வந்தான். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் மாயாண்டியும் பத்துமலையும். இருவர் முதுகிலும் கங்காணியின் பிரம்பு விளையாடியிருந்தது. அதை அப்போதுதான் மங்களம் யோசித்தாள்.

கூத்துக்குப் போட்டிருந்த வாசற்படியில் உட்கார்ந்து இரணியனை மடியில் கிடத்தினான் ஐயாவு. கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. யாரும் இழுக்கவில்லை. வயிற்றில் இருக்க வேண்டிய விரல்கள் கழுத்தில் இருந்தன. கங்காணி காலை உதைத்துக்கொண்டார். என்ன நடிப்பு என்று கூட்டம் கைதட்டியது.

மங்களம் செம்போடு ஓடினாள். முகம் வைத்தவனைப் பேர் சொல்லி அழைக்கக்கூடாது. அவள் அழைத்தாள்.

"ஐயாவு, அவருக்குத் தெரியும். நல்லம்மாளுக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு விடியக்காலையில நான்தான் அவருகிட்ட சொன்னேன். தெரிஞ்சேதான் வெரட்டுனாரு. நீ பொய் சொல்லல."

மத்தளம் நின்றது. சிங்க முகம் அவள் பக்கம் திரும்பியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர, கங்காணி இருமிக்கொண்டே கீழே உருண்டார். எழுந்தவர் சிங்கத்தைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்த பயம் வேஷமல்ல.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கங்காணியம்மா" என்றான் ஐயாவு முகத்துக்குள்ளிருந்து.

அவள் செம்பை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. முகத்தைக் கழற்றி அவளுடைய இன்னொரு கையில் கொடுத்துவிட்டு, கயிறு பின்னால் இழுபட தன் லயத்து வீட்டை நோக்கி நடந்தான்.

முகத்தின் உட்பக்கம் கண்களுக்குக் கீழே நனைந்திருந்தது.