கரும்பு ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு போத்தல்

கொழும்பு ஹெவ்லொக் டவுன் சோதனைச் சாவடியில் இராணுவம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியபோது சிவமணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடையாள அட்டை இருந்தது, கொழும்பில் தங்கும் தமிழரிடம் கேட்கிற பொலிஸ் பதிவும் இருந்தது. ஆனால், பையில் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்ததே, அதுதான் வினை.

மொனராகலைப் பக்கத்தில் கரும்பு விளைகிற ஊர் ஒன்றின் கிணற்றுத் தண்ணீர் அது. கரும்புக்கு யூரியாவை அள்ளி எறிந்துவிட்டு, வயல் மிதக்க மிதக்கத் தண்ணீர் விட்டால் உரம் எங்கே போகும்? குடிக்கிற கிணற்றுக்குத்தான். ஒரு சால் விட்டு ஒரு சாலுக்குப் பாய்ச்சினால் போதும் என்று அவளுடைய ஆய்வுகூடம் இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறது. பத்து மணிக்குள் போத்தல் பொரளை ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பின்னேரக் கூட்டத்தில் மேலிடம் அதற்குச் சம்மதிக்கும். பிந்தினால் இன்னும் ஒரு வருடம் இதே கூத்துத்தான்.

"பொன்ட," என்றான் சிப்பாய். வெறும் தண்ணீர்தான் என்று காட்டக் குடிக்கட்டாம்.

மூடியில் கொஞ்சம் ஊற்றி மடக்கென்று விழுங்கினாள். வளர்ந்தவளுக்கு ஒரு மிடறு ஒன்றும் செய்யாது. அவன் போத்தலில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தான். முகம் மலர்ந்துபோயிற்று.

"இது எங்கட ஊர்க் கிணறு, மிஸ்!" என்றான் சிங்களத்தில். "இதில பிள்ளைக்குப் பால்மா கரைக்கவேண்டாம் எண்டு நர்ஸ் சொன்னதாம், அக்கா பயந்துபோய் எழுதியிருந்தா. நீங்களே குடிக்கிறீங்கள். பயமில்லையெண்டு இண்டைக்கே எழுதிப்போடுறன்."

அட்டையைத் திருப்பித் தந்தான். பஸ் ஹோர்ன் அடித்தது. வாயை மூடிக்கொண்டு ஏறிப் போக வேண்டியதுதானே? மிதிபலகையில் ஒரு காலை வைத்தவள், பாழாய்ப்போன மனசு கேட்காமல் இறங்கினாள்.

"மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டாள். "பிள்ளைக்குக் குடுக்கவேண்டாம். கூடாத தண்ணி. கைக்குழந்தை நீலம்பாரிச்சுப் போகும்."

அவன் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "கூடாத தண்ணியை ஏன் கொழும்புக்குக் கொண்டுவந்தீங்கள்?"

அட்டை மறுபடி அவன் கைக்குப் போயிற்று, போத்தலும் போயிற்று. பஸ் அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டது. பின்னேரக் கூட்டமும் அதோடு சரி. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"எவ்வளவு நேரமெண்டாலும் என்னை வைச்சு விசாரியுங்கோ," என்று பேனையை எடுத்து நீட்டினாள். "முதல்ல அக்காவுக்கு எழுதுங்கோ."

சிப்பாய் பேனையை வாங்கினான்.

"என்னெண்டு எழுத?" என்று கேட்டான்.