இடப்பக்கக் குமிழி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்ற கால்களை மேசைக்கடியில் நீட்டி அவள் அமர்ந்திருந்தாள். சமுதாயக் கல்லூரியின் மாலைநேரப் படக்கதை வகுப்பில் அவளுக்குத்தான் வயது அதிகம், நாற்பத்தாறு. வாத்தியாருக்கு முப்பது. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சார் என்பாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

வாத்தியார் அவளுடைய ஆறாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"மத்த அஞ்சு பக்கமும் பிரமாதம் அக்கா. இங்கதான் சறுக்கிட்டீங்க. வாசிக்கிறவன் கண்ணு இடப்பக்கத்துலேருந்துதான் கிளம்பும். முதல்ல பேசுற ஆளை இடப்பக்கம் நிறுத்துங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே."

பார்த்தாள். இடப்பக்கம் அடுப்பருகே அவளே, தலைக்கு மேலிருந்த பேச்சுக் குமிழியில் "போ." வலப்பக்கம் வாசலருகே அவள் தம்பி, அவன் குமிழியில் "போகட்டுமா?" கேள்விக்கு முன்பே பதில் வந்து நின்றது.

"எங்க கடையில மருந்தைக் கையில குடுத்துட்டு, உடம்புக்கு என்னன்னு கேக்குற மாதிரி இருக்குக்கா" என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த மருந்துக்கடைப் பெண். வகுப்பு சிரித்தது. அவளும் முடிந்த அளவுக்குச் சிரித்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம தொகுப்பு அச்சுக்குப் போகணும். ரெண்டு பேரையும் இடம் மாத்தி வரைஞ்சுடுங்க" என்றார் வாத்தியார்.

அந்த ஒரு கட்டத்துக்காகவே அவள் இந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வேலை போன தம்பி எட்டு மாதம் அவள் வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்தான். ஒரு மாலை, "நான் போகட்டுமாக்கா?" என்றான். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்த அவள் "போ" என்றாள். போனவன் அதன்பின் வாசற்படி ஏறவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. உறவினர் அனைவருக்கும் இந்த வரிசையிலேயே சொல்லியிருந்தாள். கடிதம் எழுத உட்கார்ந்தால் மூன்றாம் வரியில் புத்திமதி தொடங்கிவிடும். வரைந்தால் அந்தத் தொல்லை இல்லை. வகுப்பின் தொகுப்பு அச்சாகி வந்ததும் முதற்பிரதி அவனுக்குப் போகும், படித்தால் வருவான். இதைத் தவிர அவள் செய்து பார்க்காத வழி ஏதும் மிச்சமில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் சமையலறை மேசையில் பக்கத்தை விரித்து ரப்பரை எடுத்தாள். இரவுக்காவல் முடித்து வந்த கணவர், சீருடைப் பொத்தானைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார்.

"எதை அழிக்கிற?"

"தப்புங்க. நான் சொன்னது முன்னாடி வந்துடுச்சு."

அவர் பக்கத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தார்.

"இதுல தப்பு எங்க இருக்கு? நீதானே முதல்ல சொன்ன."

"என்ன உளறுறீங்க? தூக்கக் கலக்கமா?"

"தூக்கம் இருக்கு, கலக்கம் இல்ல. அன்னைக்கு நான் டூட்டிக்குக் கிளம்ப இங்கதான் ஷூ மாட்டிக்கிட்டு இருந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்காம 'போ'ன்ன. அவன் 'போகட்டுமா'ன்னான். நிசமாத்தான் சொல்றியான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

"நாலு வருஷமா ஏன் வாயைத் தொறக்கல?"

"நீ எல்லார்கிட்டயும் வேற மாதிரி சொல்லிக்கிட்டிருந்த. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார்.

இரண்டே சொற்கள். வரிசை மாறியதும் பதில் கட்டளையாகிவிட்டது, கேள்வி கெஞ்சலாகிவிட்டது. அந்தக் கெஞ்சலுக்குத் தான் என்ன சொன்னாள் என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சலவைக்கூடத்தில் அவள் மடித்த விரிப்புகளில் பாதியைத் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"மாத்தியாச்சா அக்கா?"

"இல்ல சார். வரிசை சரிதான். நான்தான் முதல்ல பேசினேன்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பார்த்தார். "சரி. ஆனா இப்படியே விட்டா, வாசிக்கிறவன் உங்களுக்கு வேலை தெரியலைன்னுதான் நெனைப்பான். வேணும்னே வச்சதுன்னு தெரியணும். கட்டத்தைப் பிரிச்சுப் போடுங்க."

கட்டத்தை மூன்றாகப் பிரித்துப் புதுத்தாளில் வரைந்தாள். முதற்கட்டத்தில் அவள் முதுகு: "போ." இரண்டாவதில் தம்பியின் முகம்: "போகட்டுமா?" மூன்றாவதில் மீண்டும் அதே முதுகு, அதன்மேல் ஒரு வெற்றுக்குமிழி.

"அக்கா, உள்ள எழுத மறந்துட்டீங்க" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"மறக்கலம்மா."

"மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை போடலாமே?" என்றார் வாத்தியார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"அன்னைக்குச் சொல்லலையே சார்."

இதைப் படித்தால் தம்பி வருவான் என்ற நம்பிக்கை நேற்றுவரை இருந்தது, இன்று இல்லை. கோபம் கூடினாலும் கூடலாம். ஆயினும், முதற்பிரதி அனுப்பவேண்டிய முகவரிச் சீட்டில் அவனுடைய முகவரியையே, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினாள்.

வாத்தியார் பக்கத்துக்காகக் கையை நீட்டினார்.

"மை காயட்டும் சார். இன்னும் ரெண்டு நிமிஷம்."